குட்டி வயிற்றில் பூச்சி

இந்த இதழில் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கும் வழக்கமுள்ள சகோதரிகள் கை கழுவிவிட்டு வந்து படியுங்கள். விஷயம் அப்படிப்பட்டது!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் மாமனார், மற்றொன்றில் கணவர். வாசல் திண்ணை ஓரத்தில் ஒரு தெரு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. மூன்று வாரத்துக்குள் இரண்டு செத்துவிட்டன. மீதி மூன்றில் ஒன்றை அவருடைய நாலு வயதுப் பெண் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இப்போது குட்டிக்கு ஐந்து வாரம். அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

"வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருக்குதுங்க, முதுகெலும்பு தெரியுது. நேத்து வாந்தி எடுத்துச்சு, அதுல சேமியா மாதிரி நெளியுது. பக்கத்து வீட்டு அம்மா, 'குழந்தைக்குத் தொத்திக்கும், கோணியில போட்டுக் கொண்டுபோய்க் குளத்தங்கரையில விட்டுடு'ங்கறாங்க. மாமியார், 'பால் ஊத்தாதே, பால்தான் பூச்சி வைக்குது'ங்கறாங்க. குழந்தை அழுவுறா. நான் என்னங்க செய்யட்டும்?"

கொண்டுபோய் விட வேண்டாம். இந்த வயசுக் குட்டிக்கு இது வைத்தியம் உள்ள வியாதி. ஆனால் நாளைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒரு தடவையோடு நிறுத்தவும் கூடாது. ஏன் ஒரு தடவை போதாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும்.

சேமியா மாதிரி நெளிந்தது உருண்டைப் புழு. நாம் நாக்குப்பூச்சி என்கிறோமே, அதன் நாய் ஜாதி. இது குட்டிக்குத் தெருவிலிருந்து வந்ததல்ல. தாயின் வயிற்றிலேயே வந்தது. எப்படி என்றால், தாய் நாய் என்றைக்கோ மண்ணோடு விழுங்கிய முட்டைகளிலிருந்து வந்த சின்னஞ்சிறு புழுக்கள் அதன் சதைக்குள் போய்ச் சுருண்டு தூங்குகின்றன. தாய்க்கு ஒரு தொந்தரவும் கிடையாது. தாயின் மலத்தைப் பரிசோதித்தால்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். அது சினையானதும், கடைசி வாரங்களில் இந்தப் புழுக்கள் விழித்துக்கொள்கின்றன. தொப்புள்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் போய்விடுகின்றன. அதனால் குட்டி பிறக்கும்போதே புழுவோடுதான் பிறக்கிறது. சுத்தமான வீட்டில், பட்டு மெத்தையில் பிறந்தாலும் அப்படித்தான்.

பிறந்த பிறகு அந்தப் புழு சும்மா இருப்பதில்லை. ஈரலிலிருந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து இருமலோடு தொண்டைக்கு வருகிறது. குட்டி அதை விழுங்க, குடலுக்குப் போய் வளர்கிறது. மூன்று வார வயசிலேயே குட்டியின் மலத்தில் முட்டை வர ஆரம்பித்துவிடும். நாம் கொடுக்கிற பூச்சி மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் வெளியே தள்ளும். வழியில் நுரையீரலில் இருப்பவை தப்பித்துக்கொள்ளும். பதினைந்து நாளில் அவையும் குடலுக்கு வந்து சேர்ந்துவிடும். "மருந்து கொடுத்தேன், கேட்கலை" என்று நிறையப் பேர் சொல்வது இதனால்தான். மருந்து கேட்டது, ஆனால் அடுத்த கூட்டம் வந்துவிட்டது!

ஆகவே டாக்டர்கள் சொல்லும் கணக்கு இப்படி: குட்டி பிறந்து இரண்டாவது வாரம் முதல் டோஸ். பிறகு நாலு, ஆறு, எட்டாவது வாரங்களில் ஒவ்வொன்று. அதற்குப் பின் ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒரு தடவை. பிறகு ஆயுசு முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. குட்டிகளுக்குக் கொடுக்கிற அன்றைக்கே தாய்க்கும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் குட்டிகளை நக்கி நக்கித் தாய் முட்டையை விழுங்குகிறது. பிள்ளையார்பாளையம் சகோதரியின் குட்டிக்கு ஐந்து வாரம் கடந்துவிட்டது. பரவாயில்லை, நாளைய டோஸை முதலாக வைத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று ஆரம்பிக்கலாம். நாள்காட்டியில் இப்போதே சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுங்கள். சீட்டுப் பணம் கட்டுகிற தேதியை மறக்கிறோமா?

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். பசும்பாலோ வெல்லமோ சர்க்கரையோ பூச்சி வைப்பதில்லை. எந்தப் புழுவும் முட்டையிலிருந்தோ, தாய் வழியாகவோதான் வரும். ஆனால் வேடிக்கை பாருங்கள், 'பால்' என்ற வார்த்தையில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது! நாயின் கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகிறது. அதற்காகத் தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கக் கூடாது. மருந்துதான் வழி.

இந்தக் கொக்கிப்புழுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. செத்துப்போன இரண்டு குட்டிகளும் எதனால் செத்தன என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. "கண்ணு பட்டுடுச்சு" என்று தெருவில் சொன்னார்களாம். மூன்று வாரத்துக் குட்டிகள் திடீரென்று சோர்ந்து விழுந்து சாவதற்குக் கொக்கிப்புழு ஒரு பெரிய காரணம். அரை அங்குலம் போலத்தான் இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. குடல் சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். மலத்தில் முட்டை தெரிவதற்கு முன்பே குட்டி போய்விடுவதும் உண்டு. ஆகையால் புழு வெளியே வரட்டும், அப்புறம் மருந்து கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். அழுத்தி விட்டால் வெளுத்து, உடனே நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்து, வெள்ளைத் துணி மாதிரி இருந்தால், மலம் தார் மாதிரி கறுத்திருந்தால், மறு நாளைக்குத் தள்ளவே கூடாது. அன்றே டாக்டரிடம். சில குட்டிகளுக்கு ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு உள்ளூரில் வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குட்டி விடாமல் வாந்தி எடுத்து, மலம் ரத்தமும் தண்ணீருமாகக் கெட்ட நாற்றத்தோடு போனால் அது பூச்சி என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். பார்வோ என்ற வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம். பூச்சி மருந்தால் அது போகாது. அதற்குத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பிக்க வேண்டும். பூச்சி மருந்துக்குப் போகும்போதே அதையும் வெறிநாய்க்கடி ஊசியையும் பற்றிக் கேட்டுவிடுங்கள். தெருவில் பிறந்த குட்டி விளையாட்டாகக் கீறினாலும் கடித்தாலும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, குழந்தையை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். "குட்டிதானே" என்று விடக் கூடாது.

மருந்து எவ்வளவு? இங்கேதான் வீடுகளில் தப்பு நடக்கிறது. குட்டிகளுக்கு வழக்கமாகக் கொடுப்பது பைரன்டெல் என்ற மருந்து. சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம். ஆனால் கடையில் விற்கும் பாட்டில்கள் எல்லாம் ஒரே பலம் அல்ல. ஒன்றில் ஒரு ஸ்பூனில் இருப்பது இன்னொன்றில் சில சொட்டிலேயே இருக்கும். "அரை ஸ்பூன் கொடுங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னால் எந்தப் பாட்டிலில் அரை ஸ்பூன்? முதலில் எடை தெரிய வேண்டும். குட்டியை ஒரு மஞ்சள் பையில் போட்டு மளிகைக் கடைத் தராசில் நிறுத்துவிடலாம். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். அந்த எடையை டாக்டரிடம் சொல்லுங்கள், பாட்டிலையும் காட்டுங்கள். ஊசி போடாத சின்ன சிரிஞ்சில் அளந்து, வாயின் ஓரமாக மெதுவாக விடுங்கள். மூக்கைப் பிடித்துத் தலையை அண்ணாத்தி ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் புழுக்கள் கொத்தாக வரலாம். பயந்துவிடாதீர்கள், அதற்காகத்தானே கொடுத்தோம். அதைக் கையால் தொடாமல் எடுத்துப் புதையுங்கள். குட்டிக்குக் கொஞ்சம் பேதியாகலாம். நிற்காமல் போனாலோ, வயிறு கல் மாதிரி கெட்டியாகி வாந்தி எடுத்தாலோ மறுபடி டாக்டர். புழு அதிகமாக இருக்கும் குட்டிக்குக் குடல் அடைத்துக்கொள்வது உண்டு.

குழந்தைக்கு வாங்கிய மாத்திரையில் கால் பாகம் உடைத்துக் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கூடாது. தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று 2015 முதல் அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் கொடுக்கிறார்களே, அந்த அல்பெண்டசோல் நம் குழந்தைகளுக்கு நல்ல மருந்து. நாய்க்கு அது எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தம் ஊறுவதையே தடுத்துவிடக்கூடும். ஏற்கெனவே ரத்தமில்லாத குட்டிக்கு அது எமன்.

கை வைத்தியமும் அப்படித்தான். பூண்டு நசுக்கிக் கொடுக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். விளக்கெண்ணெய் கொடுத்தால் பேதியாகி, கைப்பிடி அளவு குட்டி தண்ணீர் வற்றியே போய்விடும். வேப்பங்கொழுந்து கசப்பு, குட்டி முகத்தைச் சுளிக்கும், கொக்கிப்புழு சுளிக்காது. பாட்டிமார்கள் கொட்டைப்பாக்குப் பொடி கொடுப்பார்கள். இதைக் கேட்டு நான் சிரிக்கமாட்டேன். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற சத்தை நாய்களின் நாடாப்புழுவுக்கு டாக்டர்களே ஒரு காலத்தில் கொடுத்தார்கள். நியூசிலாந்தில் ஊர் ஊராக நாய்களை வரிசையில் நிறுத்திக் கொடுத்தார்களாம். ஆனால் அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் அது விஷம். இப்போது பிரசிகுவான்டெல் என்ற நல்ல மருந்து இருக்கும்போது பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை அங்கேயே விட்டுவிடலாம்.

நாடாப்புழு என்றதும் நினைவு வருகிறது. நாயின் பின்புறத்தில் அரிசி மாதிரி, வெள்ளரி விதை மாதிரி ஒட்டிக்கொண்டு அசைந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அது தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்குவதால் வருவது. பைரன்டெல் அதற்குக் கேட்காது. பிரசிகுவான்டெல் கேட்கும், ஆனால் தெள்ளை ஒழிக்காவிட்டால் அடுத்த மாதமே திரும்பி வரும்.

இப்போது குழந்தை. பக்கத்து வீட்டு அம்மா பயந்தது முழுக்கத் தப்பு இல்லை, ஆனால் முழுக்கச் சரியும் இல்லை.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிடுகிறேன். குழந்தை ராத்திரி ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுதால், வெள்ளை நூல் மாதிரி பூச்சி தெரிந்தால், அது கீரிப்பூச்சி. நாயிடமிருந்து வருவதே இல்லை. மனுஷருக்கு மனுஷர், நகத்து இடுக்கு வழியாக வருவது. அதற்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். நாயை விரட்டிப் பிரயோஜனம் இல்லை.

நாயின் உருண்டைப் புழு குழந்தைக்கு வரலாம். அதுவும் குட்டியைக் கொஞ்சுவதால் வருவது குறைவு. மண்ணைத் தின்பதால், மண் பட்ட கையை வாயில் வைப்பதால்தான் அதிகம். காரணம், மலத்தோடு புதிதாக வந்த முட்டை உடனே தொத்தாது. அதற்குள் புழு உருவாக இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். உருவான பிறகு அந்த முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். குழந்தை விழுங்கினால், மனுஷ உடம்பில் அது வளர்ந்து பெரிய புழுவாவதில்லை. வழி தெரியாமல் ஈரலிலும் நுரையீரலிலும் அலைகிறது. எப்போதாவது கண்ணுக்குள் போய்விடுகிறது. 1950-ல் அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர் என்ற பெண் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்ததைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. கண்ணில் புற்றுநோய் என்று சந்தேகித்து எடுத்துவிட்ட 46 கண்களை அவர் வெட்டிப் பரிசோதித்தார். 24 கண்களில் இருந்தது புழு! அது நாயின் உருண்டைப் புழு என்று பின்னால் தெரியவந்தது. எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை, அபூர்வம்தான். ஆனாலும் குழந்தைக்கு மாறுகண் புதிதாக வந்தால், ஒரு கண்ணில் பார்வை மங்கினால், கண்மணியில் வெள்ளை தெரிந்தால் கண் டாக்டரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. வீட்டில் நாய்க்குட்டி உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் என்றேன் அல்லவா? நமக்கு அனுகூலம் அங்கேதான் இருக்கிறது. மலத்தைத் தினமும் எடுத்துவிட்டால் முட்டை தொத்தும் நிலைக்கு வருவதற்குள் வெளியே போய்விடுகிறது. விலையில்லாத வைத்தியம் இது. கொக்கிப்புழுவுக்கு அவ்வளவு நாள் தவணை கிடையாது. ஈர மண்ணில் ஓரிரு நாளில் முட்டை பொரித்து, ஒரு வாரம் போல ஆனதும் குட்டிப்புழு தோலைத் துளைத்து உள்ளே போகத் தயாராகிவிடும். வெறும் காலில், அதன் மேல் நின்றால் போதும். மனுஷர் தோலுக்குள் நாயின் கொக்கிப்புழு நெளிந்து நெளிந்து சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டு போகும், அரிப்பு தாங்காது. இலங்கையின் பழைய பெயரைத் தாங்கிய சிலானிகம் என்ற நாய்க் கொக்கிப்புழு இன்னும் ஒரு படி மேல். மனுஷர் குடலிலேயே குடியேறி ரத்தம் குடிக்கும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு நாய்களிடம் அதைக் கண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் பிள்ளையார்பாளையம் சகோதரியிடம் நான் கேட்க நினைப்பது: குட்டி எங்கே தூங்குகிறது?

குழித்தறி உள்ள வீடுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நெசவாளர் தறிமேடையில் உட்கார்ந்து இரண்டு காலையும் குழிக்குள் விட்டுக்கொண்டு மிதியை மிதிப்பார். வெயில் காலத்தில் வீட்டிலேயே குளுமையான இடம் அந்தக் குழிதான். குட்டிக்கு அது தெரியாமல் போகுமா? ராத்திரி தறி நின்றதும் உள்ளே இறங்கிப் படுத்துக்கொள்ளும், அங்கேயே இருந்தும் வைக்கும். குழி மண் தரையாக இருந்தால் ஈரமும் நிழலும் சேர்ந்து கொக்கிப்புழுவுக்குக் கல்யாண மண்டபம் மாதிரி! மறுநாள் காலையில் மாமனார் வெறுங்காலை உள்ளே விடுகிறார். புழு சோறு போடுகிற ஊர்தான் காஞ்சிபுரம், ஆனால் அது பட்டுப்புழு. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தறி ஓடாத வேளையில் குழியைப் பலகை போட்டு மூடிவிடுங்கள். குட்டிக்கு வேறு இடத்தில் கோணி விரித்து, அந்தக் கோணியை வாரம் ஒரு நாள் கொதிக்கிற தண்ணீரில் முக்கி வெயிலில் காயப் போடுங்கள். ஏற்கெனவே குழியில் அசிங்கம் செய்திருந்தால் மேல் மண்ணை ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்துப் புது மண் போட்டு இடிக்கலாம். சிமெண்டு பூசிவிட்டால் இன்னும் நல்லது, காய்ந்த தரையில் கொக்கிப்புழு பிழைக்காது. பினாயில் ஊற்றினால் வாசனை வரும், உருண்டைப் புழு முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதன் ஓடு அத்தனை கெட்டி. பிளீச்சிங் பவுடரைத் தறிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முட்டையும் சாகாது, பட்டு இழையும் கெட்டுவிடும். பாவு போன நஷ்டம் யார் கொடுப்பார்கள்? கொதிக்கும் தண்ணீரும் சூரியனும்தான் நமக்குத் துணை.

வாசலிலும் ஒரு கவனம் வேண்டும். விடியற்காலையில் இருட்டோடு எழுந்து சாணம் தெளித்துக் கோலம் போடுகிறோம். ராத்திரி நாய் இருந்துவிட்டுப் போனது கண்ணில் படாமல் தண்ணீரைத் தெளித்துப் பெருக்கினால் முட்டையைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டோம் என்று அர்த்தம். விளக்கைப் போட்டுப் பார்த்து, முதலில் தகரத்தாலோ மட்டையாலோ வாரி எடுத்துவிட்டுப் பிறகு தண்ணீர். பாவு விரிக்கிற தெருவில் எத்தனை வெறுங்கால்கள் நடக்கின்றன! எடுத்ததைக் குழி தோண்டிப் புதையுங்கள். கீரைப் பாத்திக்கு எருவாகப் போடாதீர்கள். கோலம் முடிந்ததும் கைக்குச் சோப்பு. குழந்தைக்கு வெள்ளிக்கிழமைதோறும் நகம் வெட்டிவிடுங்கள் (வெள்ளிக்கிழமை கூடாது என்றால் வியாழன்), குட்டியோடு விளையாடிய கையை, தட்டில் கை வைக்குமுன் கழுவப் பழக்குங்கள். நாலு வயசுக்கு இது புரியும்.

குட்டிக்குச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் போன உடம்பு, ஊற வேண்டும். வேகவைத்த முட்டை, நன்றாக வேகவைத்த ஈரல் கொஞ்சம், ராகிக் கூழ், குழைந்த சாதம், நாளைக்கு நாலு வேளை சிறிது சிறிதாக. பச்சைக் குடலும் கறிக்கடைக் கழிவும் வேண்டாம், அதில் வேறு வகை நாடாப்புழு வரும்.

திண்ணைத் தாயையும் மற்ற இரண்டு குட்டிகளையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் குட்டிக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு அவற்றை விட்டால், அதே வாசலில் முட்டை விழுந்துகொண்டே இருக்கும். டாக்டரிடம் நாலு ஜீவனுக்கும் கணக்குக் கேளுங்கள். தாய்க்கு மருந்தைச் சோற்று உருண்டையில் வைத்துக் கொடுக்கலாம். குட்டிகள் பால் மறந்த பிறகு தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய நகராட்சியிலோ மாநகராட்சியிலோ கேளுங்கள். தெரு நாய்களுக்கு அது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023-ல் வந்த விதிகளே சொல்கின்றன. இல்லாவிட்டால் அடுத்த ஈட்டுக் குட்டிகளும் அந்தச் சதைக்குள் தூங்குகிற புழுக்களோடுதான் பிறக்கும்.

சகோதரி, நாளைக்கு நிறுத்த எடையை ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி நிறுத்து, இரண்டையும் எனக்கு எழுதுங்கள். ஈறின் நிறத்தையும் எழுதுங்கள். குழந்தை அதற்கு என்ன பெயர் வைத்தாள் என்பதை எழுத மறந்துவிட்டீர்களே!